கலங்கலில் பிறந்த இழை

சேவை நாழியை அழுத்திப் பழகிய கைகள் நம் இல்லங்களில் பல உண்டு. வெந்த மாவு சூடு ஆறுமுன் நாழியில் இடப்படுகிறது. அழுத்த அழுத்த, அடித்தட்டின் துளைகள் வழியே இழையிழையாக இறங்கி, தட்டில் விழுந்ததும் ஒன்றோடொன்று பின்னிச் சுருண்டு கிடக்கிறது. நைலான், பாலியெஸ்டர் முதலிய செயற்கை நூல்களைச் செய்யும் ஆலைகளிலும் நடைபெறுவது ஏறக்குறைய இதே காரியந்தான். அங்கே மாவுக்குப் பதில் உருகிய இரசாயனப் பொருள். நாழியின் தட்டுக்குப் பதில் நுண்ணிய துளைகளையுடைய உலோகத் தட்டு.

இந்த உவமையை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டு செல்லலாம். அந்நூல் எப்பொருளால் ஆயதோ அப்பொருளின் மூலக்கூறுகளும் சேவையைப் போன்றே நீண்டவை, துவள்பவை, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. சிறுசிறு கண்ணிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்து அமைந்த இத்தகைய சங்கிலி மூலக்கூறையே விஞ்ஞானிகள் பாலிமர் என்பர். நூற்றெடுத்தபின் நூலைப் பன்மடங்கு நீட்டி இழுப்பார்கள். இழுக்குந்தோறும் சிக்கல் சற்று நீங்கிச் சங்கிலிகள் நேராகின்றன. நூலும் உறுதி பெறுகிறது. ஆயினும் மடங்கிய சங்கிலிகளும் பின்னிய சங்கிலிகளும் உள்ளே எஞ்சியே நிற்கும். ஒரு சங்கிலியின் இரசாயனப் பிணைப்பு தாங்கவல்ல பாரத்தில் ஒரு சிறு பங்கையே நைலான் நூல் தாங்குவதற்கு இதுவே காரணம்.

சேவையைப் போலத் துவளாமல், துடைப்பத்து ஈர்க்கைப் போல விறைத்து நிற்கும் மூலக்கூறுகள் கிடைக்குமானால்? அவை, இழுப்பார் இன்றியே, திரவமாக இருக்கும்போதே தாமாக ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்குமானால்? அந்த அணிவகுப்புக் கலையாதபடி அத்திரவத்தை நூலாக்கிவிட்டால்? இக்கேள்விகளுக்கு 1960க்குப் பின்னரே விடை கிடைத்தது. அவ்விடை வந்த வழி மிக விசித்திரமானது. இரண்டு கலங்கிய திரவங்கள், முக்கால் நூற்றாண்டு இடைவெளியில், இரண்டு கண்டங்களில், இரண்டு மனிதர்களின் கைக்கு வந்து சேர்ந்தன. இரண்டையும் உலகம் அழுக்கு என்றே எண்ணிற்று.

முதலாவது திரவம் பிராக் நகரில் தோன்றியது. அந்நகரின் ஜெர்மன் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய பிரீட்ரிக் ரைனிட்சர் தாவர நூல் வல்லுநர். காரட் கிழங்கிலிருந்து கிடைத்த கொலஸ்டிரால் வகைப் பொருள்களை ஆராய்ந்து வந்தார். 1888ஆம் ஆண்டில் அவர் கையாண்ட கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற பொருள் ஒரு வேடிக்கை செய்தது. தூய பொருள் ஒவ்வொன்றிற்கும் உருகுநிலை ஒன்றே என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த பாடம். இப்பொருளோ 145.5 டிகிரி சென்டிகிரேடில் உருகிக் கலங்கிய திரவமாயிற்று. அதே உஷ்ணத்தை மேலும் ஏற்ற, 178.5 டிகிரியில் அக்கலங்கல் சட்டென்று தெளிந்து பளிங்கு போலாயிற்று. ஆறவிட்டால் மீண்டும் கலங்கல். இடையிடையே ஊதாவும் நீலமுமாக நிறங்கள் எழுந்து மறைந்தன. ரைனிட்சர் தமக்குப் புரியாததைப் புரிந்ததாகப் பாவிக்கவில்லை. படிகங்களை உருப்பெருக்கியில் ஆராய்வதில் பேர்பெற்றிருந்த ஆட்டோ லேமன் என்பார்க்கு அவ்வாண்டு மார்ச்சு மாதம் 14ஆம் தேதி கடிதம் எழுதி, மாதிரிகளையும் அனுப்பி வைத்தார்.

லேமனிடம் சூடேற்றும் மேடை பொருத்திய உருப்பெருக்கி இருந்தது. படிகத்தின் வழியே செல்லும் ஒளி எவ்வாறு மாறுகிறது என்று காட்டும் கண்ணாடிகளும் அதில் இருந்தன. கலங்கிய திரவத்தை அதில் இட்டுப் பார்த்தார். அது திரவமாகவே ஓடிற்று. ஆயின் ஒளியைப் படிகம் போலப் பிரித்தது. 1889ஆம் ஆண்டில் லேமன் தம் முடிவை 'பாயும் படிகங்கள்' என்ற தலைப்பில் வெளியிட்டார். படிகம் என்றாலே கெட்டிப் பொருள் என்று கருதியிருந்த அறிஞர் உலகம் முகம் சுளித்தது. குஸ்தாவ் டாமன் என்ற புகழ்பெற்ற இரசாயன அறிஞர், இது எண்ணெயும் நீரும் கலந்தாற்போன்ற ஒரு குழம்பு. கலந்துள்ள மாசை நீக்கினால் கலங்கல் தானே நீங்கிவிடும் என்று வாதித்தார். பொருளைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார்கள். கலங்கல் நீங்கவில்லை. வழக்கு மட்டும் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலும் நீண்டது.

இவ்வழக்கைப் பெரும்பாலும் முடித்து வைத்தவர்கள் இருவர். ஹாலே நகரின் டானியல் ஃபோர்லாந்தர் நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களைச் செய்து, நீண்டு நேரான மூலக்கூறுகளே இந்நிலையை அடைகின்றன என்று காட்டினார். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் பிரீடல் 1922இல் இந்நிலைகளை வகை பிரித்துப் பெயரிட்டார். ஈர்க்குப் போன்ற மூலக்கூறுகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஓடினும் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையை நோக்கியே நிற்கின்றன. ஆகவே ஓட்டத்தில் திரவம், ஒழுங்கில் படிகம். இதனையே இன்று திரவப் படிகம் என்கிறோம். ஒரு பாத்திரத்துத் திரவத்தில் இத்தகைய அணிகள் எண்ணிறந்தவை; ஒவ்வோர் அணியும் ஒவ்வொரு திசையை நோக்கும். அணிக்கும் அணிக்கும் இடையேயுள்ள எல்லைகளில் ஒளி சிதறுகிறது. அச்சிதறலே நம் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிறது. டாமன் மாசு என்று கருதியது உண்மையில் மிகையான ஒழுங்கின் அடையாளம்.

பிரீடல் இவ்வகைகளுள் ஒன்றுக்கு நெமாடிக் என்று பெயரிட்டார். உருப்பெருக்கியில் பார்த்தபோது நூல் நூலாகச் சில கோடுகள் தெரிந்தமையால், நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரைப் படைத்தார். அதே நெமாடிக் திரவத்திலிருந்து பிற்காலத்தில் மெய்யாகவே நூல் நூற்கப்படும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

மூலக்கூறு நீள நீள இவ்வியல்பு என்ன ஆகும் என்ற கேள்வியை ஃபோர்லாந்தர் 1923லேயே எழுப்பினார். கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார். அவர் செய்த நீண்ட பொருள்கள் எளிதில் உருகவுமில்லை, எதிலும் கரையவுமில்லை. அவ்வழி அங்கே அடைபட்டது. பின்பு 1936இல் இங்கிலாந்தில் பாடன், பிரீ என்ற இருவர், புகையிலைச் செடிக்குத் தேமல் நோய் தரும் வைரஸைப் பிரித்தெடுத்தனர். கோல் வடிவான அவ்வைரஸ்கள், நீரில் போதிய அளவு திரண்டதும் தாமாக அணிவகுத்துத் திரவப் படிகமாயின. கரைசலிலும் இது நிகழும் என்பது அதனால் தெளிவாயிற்று. லார்ஸ் ஆன்சாகர் 1949இல் இதற்குக் கணக்கிட்டு விளக்கம் தந்தார். அதைத் தொடர்ந்து பால் ஃப்ளோரி 1956இல் பாலிமர்களுக்கே பொருந்தும் கணக்கை வெளியிட்டார். இந்த ஃப்ளோரி, நைலானைக் கண்ட வாலஸ் கரோதர்ஸிடம் டூபாண்ட் கம்பெனியில் இளமையில் பணியாற்றியவர். 1974ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றவர்.

ஃப்ளோரியின் கணக்கு கூறுவதை அடுக்களை மொழியில் சொல்லிவிடலாம். ஒரு பெட்டியில் சில தீக்குச்சிகளைப் போட்டுக் குலுக்கினால் அவை எப்படியும் கிடக்கும். குச்சிகளை மேலும் மேலும் இட்டால், ஒரு கட்டத்தில் ஒரே முகமாகத் திரும்பினாலன்றி அவற்றிற்கு இடம் போதாது. ஈர்க்குப் போன்ற மூலக்கூறுகளும் கரைசலில் அவ்வாறே செய்கின்றன. அவ்வாறு திரும்பியவுடன் இன்னொரு விந்தையும் நிகழும். கூழில் மாவு சேர்க்கச் சேர்க்க அது கெட்டிப்படும் என்பதே நம் அனுபவம். இக்கரைசலோ ஓர் எல்லைவரை கெட்டிப்பட்டு, அவ்வெல்லையைத் தாண்டியதும் திடீரென்று இளகி ஓடும். முட்டி மோதிக்கொண்டிருந்த கோல்கள் அணிவகுத்துவிட்டால் ஒன்றையொன்று தடுப்பதில்லையன்றோ?

கணக்கு காகிதத்தில் இருந்தது. இரண்டாவது கலங்கிய திரவமோ அதைத் தேடிச் சென்றார் எவருக்கும் கிடைக்கவில்லை. வேறொன்றைத் தேடியவர் கைக்கு வந்தது.

ஸ்டெபனி குவோலெக் 1923இல் பென்சில்வேனியா மாநிலத்தில், போலந்து நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதிலேயே தந்தையை இழந்தார். மருத்துவராக வேண்டுமென்பது அவரது ஆசை. 1946இல் இரசாயனப் பட்டம் பெற்றபோது மருத்துவப் படிப்புக்குப் பணம் இல்லை. சில ஆண்டுகள் உழைத்துப் பொருள் சேர்க்கலாம் என்று டூபாண்ட் கம்பெனியில் வேலை கேட்டுச் சென்றார். பேட்டி கண்ட ஹேல் சார்ச், இரண்டு வாரங்களில் முடிவு தெரிவிப்பதாகச் சொன்னார். வேறொரு கம்பெனிக்குத் தாம் விடை சொல்ல வேண்டியிருப்பதால் சற்று முன்னதாகவே தெரிவிக்க இயலுமா என்று குவோலெக் கேட்டார். சார்ச் அங்கேயே தம் காரியதரிசியை அழைத்து நியமனக் கடிதத்தைச் சொல்லி எழுதுவித்தாராம். தற்காலிகமாகச் சேர்ந்தவர் நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1950 முதல் அவரது இடம் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரிலுள்ள ஆராய்ச்சிச்சாலை. உயர்ந்த உஷ்ணத்தில் உருக்காமல், சாதாரண உஷ்ணத்திலேயே கரைசலில் பாலிமர்களை உண்டாக்கும் முறைகளில் அவர் கைதேர்ந்தார். இரண்டு திரவங்கள் சந்திக்கும் ஏட்டிலிருந்து நைலான் கயிற்றை இழுத்துக் காட்டும் பள்ளிக்கூடச் சோதனை, அவரும் பால் மார்கனும் 1959இல் எழுதிய கட்டுரையால் பரவியதேயாம்.

1964இல் அவரது குழுவினர் முன் ஒரு பணி வைக்கப்பட்டது. பெட்ரோல் தட்டுப்பாடு நேரலாம் என்ற அச்சம் அப்போது இருந்தது. மோட்டார் டயருக்குள் இடும் எஃகுக் கம்பிக்குப் பதிலாக, இலேசானதும் உறுதியானதுமான ஓர் இழை கிடைத்தால் வண்டியின் எடை குறையும், எண்ணெயும் மிஞ்சும். உடனிருந்தோர் எவரும் இதில் அதிக ஆர்வம் காட்டவில்லை. குவோலெக் ஏற்றுக்கொண்டார்.

விறைப்பான சங்கிலி வேண்டுமெனில் அதன் கண்ணிகளும் விறைப்பாக இருத்தல் வேண்டும். பென்சீன் வளையங்களை, ஒவ்வொன்றின் எதிரெதிர் முனைகளிலும் அமைடு என்ற பிணைப்பால் கோத்து அவர் ஒரு பாலிமர் செய்தார். அதைக் கரைக்கும் திரவம் தேடியே நாட்கள் கழிந்தன. கடைசியில் கரைந்தது. கரைந்தும், எதிர்பார்த்தவாறு கரையவில்லை. பாலிமர்க் கரைசல் என்றால் தேன்போலக் குழைவாகவும் தெளிவாகவும் இருத்தல் வழக்கம். கண்ணாடிக் கலத்தில் இருந்ததோ மோர் போல் நீர்த்திருந்தது; கலங்கியும் இருந்தது. கலக்கும்போது முத்தின் ஒளிபோல ஒரு பளபளப்பு ஓடிற்று. இத்தகையதைக் கண்டால், பாலிமர் சரிவரக் கரையவில்லை என்று முடிவு செய்து கொட்டிவிடுவதே ஆராய்ச்சிச்சாலைகளின் பழக்கம்.

குவோலெக் அதைக் கொட்டவில்லை. கரையாத துகள்களே கலங்கலுக்குக் காரணமாயின் வடிகட்டியபின் தெளிய வேண்டும் என்று எண்ணி வடிகட்டினார். கலங்கல் அப்படியே இருந்தது. ரைனிட்சர் பொருளைச் சுத்தம் செய்தவர்கள் கண்டதும் இதுவே அன்றோ! இனி நூற்றுப் பார்ப்பதொன்றே வழி என்று துணிந்தார்.

நூற்பது அவர் கையில் இல்லை. நூற்பு இயந்திரம் சார்லஸ் ஸ்மல்லன் என்பவர் பொறுப்பில் இருந்தது. அவர் மறுத்துவிட்டார். நீர் போன்ற இத்திரவம் நூலாகாது. இதிலுள்ள துகள்கள் நுண்துளைகளை அடைத்துவிடும் என்பது அவரது வாதம். இயந்திரத்தைக் காப்பாற்ற வேண்டியவர் அவ்வாறு சொன்னதில் தவறு யாதும் இல்லை. குவோலெக் மறுநாளும் சென்று கேட்டார். அதன் பின்னும் கேட்டார். இறுதியில் ஸ்மல்லன் இசைந்தார். துளைகள் அடைபடவில்லை. இழை தங்குதடையின்றி இறங்கிற்று. கையால் இழுத்துப் பார்த்தால் நைலானைப் போல் எளிதில் அறவில்லை.

சோதனைச் சாலைக்கு அனுப்பினார். விறைப்பைக் குறித்து வந்த எண், அதுவரை அவர் செய்த எந்த இழைக்கும் வராத எண், பன்மடங்கு பெரியது. குவோலெக் மகிழ்ந்து எவரிடமும் ஓடிச் சொல்லவில்லை. அளந்தவர் பிழை செய்திருக்கக்கூடும் என்று மீண்டும் அனுப்பினார். மறுபடியும் அனுப்பினார். எண் மாறவில்லை என்று உறுதிப்பட்ட பின்னரே மேலதிகாரிகளிடம் தெரிவித்தார். இச்சரித்திரத்தில் யாம் பெரிதும் மதிப்பது இந்தத் தாமதத்தையே. கலங்கலைக் கொட்டாமல் காத்த கைதான், கிடைத்த வெற்றியையும் உடனே நம்பாமல் நிறுத்தி வைத்தது.

நிகழ்ந்தது என்ன என்பதை இப்போது நாம் எளிதில் ஊகிக்கலாம். ஆற்றில் மிதந்துவரும் மூங்கில் கழிகள் மதகை அடைந்ததும் ஒரே முகமாகத் திரும்பி நுழைவதைப் போல, கரைசலில் அணியணியாய் நின்ற கோல்கள் துளையில் நுழையும்போது யாவும் ஒரே திசை கொண்டன. வெளியே வந்து கரைப்பான் நீங்கியதும் அந்நிலையிலேயே உறைந்தன. பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒட்டவைத்தன. பின்பு நீட்டி இழுக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த முதல் இழையே கடைக்கு வந்துவிடவில்லை. அதன் மூலப்பொருள் விலை மிகுந்தது. ஆகவே அதற்கு நெருங்கிய உறவான வேறொரு பாலிமர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது எளிதில் எதிலும் கரையாது. செறிந்த கந்தக அமிலத்தில் மட்டும் கரையும். ஹெர்பர்ட் பிளேட்ஸ் என்பவர் சூடான அமிலத்தில் மிகுந்த செறிவில் அதைக் கரைத்து, துளையிலிருந்து வரும் இழையைச் சிறிது தூரம் காற்றில் செல்லவிட்டு, பின்பு குளிர்ந்த நீரில் இறக்கும் முறையைக் கண்டார். அந்தச் சிறு காற்றிடைவெளியினால் வலிமை வெகுவாக உயர்ந்தது. 1971 முதல் கெவ்லர் என்ற பெயரில் இழை வெளிவரத் தொடங்கியது. எடைக்கு எடை நிறுத்தால் எஃகைவிட ஐந்து மடங்கு உறுதி. அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கே. தீயில் உருகாது, மிகுந்த உஷ்ணத்தில் கருகுமேயன்றி எளிதில் எரியாது.

வாணிபத்தில் இடையூறுகள் பல நேர்ந்தன. இப்பாலிமரை உண்டாக்கப் பயன்பட்ட ஒரு கரைப்பான் எலிகளுக்குப் புற்றுநோய் தருவது 1975இல் வெளியாயிற்று. அதே பாலிமரை நெதர்லாந்தின் அக்ஸோ கம்பெனி வேறொரு கரைப்பானைக் கொண்டு செய்து, ட்வாரான் என்ற பெயரில் விற்க முற்பட்டது. இரு கம்பெனிகளின் காப்புரிமை வழக்கு பல நாடுகளின் நீதிமன்றங்களில் நடைபெற்று 1988இல் சமரசமாயிற்று. வக்கீல்கள் எவ்வளவு சம்பாதித்தனர் என்பது இக்கட்டுரைக்கு வேண்டாத விஷயம்.

டயருக்காகத் தேடிய இழை மனிதரின் மார்பைக் காக்கப் போயிற்று. அமெரிக்க நீதித்துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த லெஸ்டர் ஷூபின், இத்துணியைப் பல அடுக்குகளாக மடித்தால் கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்தும் என்று கண்டு, போலீஸாருக்குக் கவசம் செய்யும் முயற்சியில் முன்னின்றார். 1975இல் பல நகரங்களின் போலீஸாருக்கு இவை சோதனையாக அளிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் சியாட்டில் நகரில் ஒரு காவலர் இதனால் உயிர் பிழைத்தார். பின்னாளில், இக்கவசத்தால் மரணத்திலிருந்தோ பெருங்காயத்திலிருந்தோ தப்பியோரின் சங்கம் ஒன்று அமைந்தது. அதன் உறுப்பினர் தொகை 3000ஐத் தாண்டிற்று. குவோலெக் காப்புரிமையைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்திருந்தார். இழையின் விற்பனை இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை. 1986இல் ஓய்வு பெற்றார். 1996இல் அமெரிக்க நாட்டின் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். 2014 ஜூன் 18ஆம் தேதி, தொண்ணூறாம் வயதில் காலமானார். மருத்துவராகாமலே இத்தனை உயிர்களைக் காத்தவர் அவர்.

இழைக்குக் குறைகளும் உண்டு. இழுத்தால் தாங்கும் அளவுக்கு, நெடுக்கில் அழுத்தினால் தாங்காது, உள்ளே மடிந்துவிடும். வெயிலில் நெடுங்காலம் கிடந்தால் மஞ்சளித்து வலிமை குன்றும். ஆகவே தனியே நிற்காமல் பிசினோடும் உறைகளோடும் சேர்ந்தே பெரும்பாலும் உழைக்கிறது. தொலைபேசிச் செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழை வடங்களில், கண்ணாடி அறாதபடி பாரத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும் மஞ்சள் நூல் இதுவே. பிரேக்குப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த இடத்திலும், படகுகளிலும், தீயணைப்போர் உடையிலும் இதைக் காணலாம்.

இதனினும் விறைப்பான சங்கிலியைத் தேடியவர்களும் இருந்தார்கள். அமெரிக்க விமானப் படையின் ஆராய்ச்சியில் முளைத்து, ஜப்பானின் டோயோபோ கம்பெனி 1998இல் ஸைலான் என்ற பெயரில் வெளியிட்ட இழை, வலிமையில் கெவ்லரை வென்றது. மெல்லிய கவசம் கிடைத்ததென்று போலீஸார் மகிழ்ந்தனர். 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு காவலர் அணிந்திருந்த அத்தகைய கவசத்தைக் குண்டு துளைத்தது. அவர் பெருங்காயம் அடைந்தார். ஆராய்ந்தபோது, ஈரத்தாலும் ஒளியாலும் அவ்விழை நாளடைவில் நலிவது தெரியவந்தது. 2005இல் அரசாங்க நிலையம் ஸைலான் கவசங்களுக்குத் தன் ஒப்புதலை மறுத்தது. புதிய இழையை இழுத்துக் கண்ட எண், வியர்வையில் நனைந்து இரண்டாண்டு உழைத்த இழைக்கும் பொருந்தும் என்று நம்பியதால் விளைந்த ஆபத்து இது. சோதனைச் சாலையின் முடிவை மூன்று முறை நம்ப மறுத்த அம்மையாரின் நினைவு இங்கே வருகிறது.

அமிலத்தில் கரைத்து நூற்பது தொல்லை மிகுந்த காரியம். கரைப்பானே இன்றி, உருகிய நிலையில் திரவப் படிகமாகும் பாலிமர் கிடைத்தால் சாதாரணப் பிளாஸ்டிக்கைப் போல அச்சில் வார்க்கலாம். ஃபோர்லாந்தர் முட்டிக்கொண்ட சுவரைக் கடந்தாலன்றி அது நடவாது. விறைத்த சங்கிலி உருகுமுன் கருகிவிடும். அங்கங்கே வளைந்த கண்ணி ஒன்றையோ, முண்டான கண்ணி ஒன்றையோ கலந்து, சங்கிலியின் செம்மையைச் சற்றுக் குலைத்தால் உருகுநிலை இறங்கும் என்று கண்டார்கள். 1984இல் ஸைடாரும், 1985இல் வெக்ட்ராவும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. ஸைடார் முதலில் புகுந்த இடம் போர்விமானம் அன்று; அடுக்களை. அடுப்புச் சூட்டையும் மைக்ரோவேவையும் ஒருங்கே தாங்கும் பாத்திரங்கள் அதனால் செய்யப்பட்டன.

இவ்வகைப் பிளாஸ்டிக் உருகிய நிலையில் நீர்போல் ஓடும். காகிதம் போன்ற மெல்லிய அச்சிடுக்குகளிலும் புகுந்துவிடும். ஆறும்போது அதிகம் சுருங்காது. ஈயப்பற்று வைக்கும் சூட்டிலும் உருக்குலையாது. ஆதலின் கணிப்பொறிக்குள்ளும் செல்பேசிக்குள்ளும் இருக்கும் சின்னஞ்சிறு இணைப்பிகளை இதனால் வார்க்கிறார்கள். கெவ்லரைக் கண்ணால் பார்த்திராதவரும் இந்த உறவினரைச் சட்டைப் பையிலேயே சுமந்து திரிகிறோம். ஒன்று மட்டும் வார்ப்போர் மறத்தலாகாது. அச்சில் திரவம் ஓடிய திசையில் பொருள் மிக உறுதி; குறுக்கே அத்தனை உறுதி இல்லை. இரண்டு ஓட்டங்கள் சந்தித்த வரம்பில் எளிதில் உடையும். ஒழுங்கு தரும் வலிமைக்கு ஒழுங்கே விதிக்கும் வரி என்று இதைச் சொல்லலாம். இதே குடும்பத்து இழையான வெக்ட்ரான் 1997 ஜூலை 4ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. பாத்ஃபைண்டர் விண்கலத்தைச் சுற்றி ஊதிய காற்றுப் பைகள் அந்நூலால் நெய்யப்பட்டவை. பாறை நிலத்தில் பதினைந்து முறைக்கு மேல் குதித்து எழுந்தும் கலம் பழுதின்றி நின்றது.

இவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. நம் நாட்டில் இத்துறைக்குப் பங்கில்லையா என்று கேட்போர்க்கு, பெங்களூரிலுள்ள ராமன் ஆராய்ச்சி நிலையத்தைச் சுட்டலாம். சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1930இல் கல்கத்தாவில், ஊர்விட்டு ஊர் வந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார், நாகபுரியில் பயின்றார். சர் சி. வி. ராமனின் தங்கை மகன். நோபெல் பரிசு பெற்ற வான்பௌதிக அறிஞர் சந்திரசேகர் ராமனுடைய தமையனாரின் மகன். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவரென மயங்குவோர் பலர். மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவராக இருந்தபின், 1971இல் பெங்களூருக்கு வந்து திரவப் படிக ஆராய்ச்சிச்சாலையை நிறுவினார்.

ரைனிட்சர் காலந்தொட்டுத் திரவப் படிகமென்றால் கோல் வடிவ மூலக்கூறு என்பதே துணிபு. தட்டையான மூலக்கூறுகளும் அணிவகுக்குமோ என்று சந்திரசேகர் ஐயுற்றார். சதாசிவா, சுரேஷ் என்ற இருவருடன் சேர்ந்து, ஒரு பென்சீன் வளையத்தைச் சுற்றி ஆறு புறமும் கொழுப்பமில வால்கள் முளைத்த தட்டு வடிவப் பொருள்களைச் செய்து சோதித்தார். சில டிகிரி உஷ்ண இடைவெளியில் அவை, கட்டி வைத்த அப்பளங்கள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்தூணாக நின்றன. 1977இல் இம்முடிவு நம் நாட்டுப் பத்திரிகையான 'பிரமாணா'வில் வெளிவந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தால்தான் மதிப்பு என்று எண்ணுவோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம். உலகெங்குமிருந்து எழும் ஆராய்ச்சிகள் இன்றும் அச்சிறு கட்டுரையையே தொடக்கமாகக் கொள்கின்றன. 1991இல் அவர் பெங்களூரிலேயே திரவப் படிக ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் கண்டார், 2004இல் மறைந்தார்.

அப்பள அடுக்குக்கும் இழைக்கும் தொடர்பு உண்டு. நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் எஞ்சும் கரிய கீலை ஏறத்தாழ 400 டிகிரிக்குச் சூடாக்கினால், தட்டையான மூலக்கூறுகள் வளர்ந்து, சிறு உருண்டைகளாகத் திரண்டு அணிவகுப்பதை ஆஸ்திரேலியாவில் புரூக்ஸ், டெய்லர் என்போர் 1965லேயே கண்டிருந்தனர். அதுவும் தட்டு வடிவத் திரவப் படிகமே. கண்டிப்பாகப் பாலிமர் என்று இதைச் சொல்லற்கியலாது, தத்துவம் ஒன்றே. 1970க்குப் பின் யூனியன் கார்பைடின் லியோனார்ட் சிங்கர் முதலியோர் அந்தக் கீலைத் துளைகள் வழியே நூற்று, அணி கலையாமல் சுட்டுக் கரியாக்கினர். அவ்வாறு பிறந்த கரி இழையின் விறைப்பு எஃகையும் பன்மடங்கு விஞ்சியது. சூட்டிலும் குளிரிலும் அதன் நீளம் ஏறக்குறைய மாறுவதில்லை. செயற்கைக் கோள்களின் சட்டங்கள், வெயிற் பக்கம் கொதித்து நிழற் பக்கம் உறைந்தபோதும் வளையாதிருக்க இவ்விழையைக் கொண்டு செய்யப்படுகின்றன.